சம்பளச் சீட்டில் இல்லாத ஒரு வரி

உங்கள் சம்பளச் சீட்டைக் கையில் எடுங்கள். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், ஓவர்டைம் என்று மேலே இருக்கும். கீழே கழிவுகள்: இபிஎப் 11 விழுக்காடு, சொக்சோ, வேலை காப்புறுதி, வருமான வரிக்கான பிசிபி. முதலாளி தம் பங்குக்கு இபிஎப்பிலும் சொக்சோவிலும் எவ்வளவு போட்டார் என்பதையும் பல நிறுவனங்கள் அதே தாளில் அச்சிட்டுத் தருகின்றன. ஆனால், உங்கள் சம்பளத்தைக் கணக்கிட்டு மாதந்தோறும் கட்டப்படும் இன்னொரு தொகை அந்தச் சீட்டில் எங்கும் இருக்காது. அதன் பெயர் மனிதவள மேம்பாட்டு லெவி.

காரணம் எளிது. லெவி தொழிலாளியிடம் பிடிப்பதல்ல. முதலாளி தம் பையிலிருந்து கட்ட வேண்டியது. தொழிலாளியின் சம்பளத்தில் அதைக் கழிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால், பிடிக்காத பணம் கண்ணில் படுவதில்லை; கண்ணில் படாத பணத்தை யாரும் கேட்பதில்லை. செயற்கை நுண்ணறிவு அலுவலக மேசைவரை வந்து உட்கார்ந்துவிட்டது. அதைக் கற்றுக்கொள்ளப் பணம் வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பணம் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. யார் பெயரால் கட்டப்பட்டதோ, அவருக்குத்தான் அது தெரியவில்லை.

நூற்றுக்கு ஒன்று

மலேசியாவில் இந்த ஏற்பாட்டுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. 1992ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டம் வந்தது. மறு ஆண்டே நிதி செயல்படத் தொடங்கியது. உற்பத்தித் துறையின் பெரிய தொழிற்சாலைகளோடு ஆரம்பித்து, சேவைத் துறைகள் சிலவற்றுக்கும் மெல்ல மெல்ல விரிந்தது. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிதியை நிர்வகிக்கும் பொறுப்பு ஒரு கழகத்தின் கைக்குப் போனது. எச்ஆர்டி கோர்ப் என்று இன்று எல்லோரும் அழைப்பது அதைத்தான். பெரிய மாற்றம் 2021 மார்ச் 1ஆம் தேதி வந்தது. டத்தோஸ்ரீ எம். சரவணன் மனிதவள அமைச்சராக இருந்த அந்தக் காலத்தில்தான் கட்டுமானம், விவசாயம், மொத்த வியாபாரம் என்று விடுபட்டிருந்த துறைகளும் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன.

விதி இதுதான். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியக் குடிமக்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம், அவர்களின் அடிப்படைச் சம்பளத்திலும் நிலையான அலவன்ஸிலும் 1 விழுக்காட்டைக் கட்டியாக வேண்டும். 5 முதல் 9 பேர் உள்ள நிறுவனம் விரும்பினால் பதிந்துகொண்டு 0.5 விழுக்காடு கட்டலாம். ஒரு மாதத்து லெவி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். பதிவு செய்ய வேண்டிய நிறுவனம் பதிவு செய்யாமல் இருந்தால் 10,000 ரிங்கிட்வரை அபராதமோ ஓராண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் ஒருவருக்காக மாதம் 17 ரிங்கிட். ஆண்டுக்கு 204 ரிங்கிட். 30 பேர் வேலை செய்யும், சராசரிச் சம்பளம் 3,000 ரிங்கிட் உள்ள ஒரு நிறுவனம் மாதம் 900 ரிங்கிட் கட்டும். ஆண்டுக்கு 10,800 ரிங்கிட். பெரும் செல்வம் இல்லை. ஆனால், மூன்றாண்டுகள் தொடாமல் விட்டால் 32,400 ரிங்கிட் ஆகிவிடும். உரிய காலத்துக்குள் பயன்படுத்தாத லெவி கைவிட்டுப் போகவும் விதிகளில் வழி இருக்கிறது. கட்டியவருக்கும் கிடைக்காமல், யாருக்காகக் கட்டினாரோ அவருக்கும் உதவாமல் போகும் பணம் அது.

இங்கே ஒரு சொல் நம்மை ஏமாற்றுகிறது. பயிற்சிக்காக லெவியிலிருந்து பணம் கேட்பதை ‘கிளேம்’ என்கிறோம். காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பதுபோல, அரசாங்கத்திடம் சலுகை வாங்குவதுபோல அது ஒலிக்கிறது. ‘அரசாங்கக் காசில் இலவசப் பயிற்சி’ என்று பயிற்சி நிறுவனங்கள் விளம்பரமும் செய்கின்றன. அரசாங்கக் காசு எதுவும் இதில் இல்லை. நிறுவனம் கட்டியது, நிறுவனத்தின் பெயரில் உள்ள லெவிக் கணக்கில் கிடக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக்கு அதிலிருந்தே எடுத்துக் கொடுக்கப்படுகிறது. இலவசம் என்று நினைப்பவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போவார்; தம் பணம் என்று தெரிந்தவர் தராசில் நிறுத்துப் பார்ப்பார்.

தோட்டம் சொல்லும் பாடம்

வேலை மாறிப் போவது மலேசியத் தமிழர்களுக்குப் புதிதல்ல. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தபோது தோட்டத்தில் ஆள்தேவை குறைந்தது. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயமே போனது. பால்மரம் சீவிப் பழகிய கை, நகரத்து ஓரத்தில் காவலுக்கு நின்றது, லோரி ஓட்டியது, தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியது. ஒரு தலைமுறையின் திறமைக்குச் சந்தையில் மதிப்பில்லாமல் போனபோது, அடுத்த திறமையை அவர்களுக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை.

நாட்டில் பயிற்சி நிதியே இல்லாத காலமல்ல அது. 1993ஆம் ஆண்டிலிருந்து நிதி இருந்தது. ஆனால், விவசாயத் துறை அதன் வரம்புக்குள் வர 2021வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டங்கள் காலியாகி, பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய், பழைய லயங்களில் பாதி இடிந்த பிறகு சட்டம் தோட்டத்து வாசலுக்கு வந்தது.

சிறு சிறு தொகையைச் சேர்த்துப் பெரிய காரியம் சாதிப்பதையும் நாம் அறிவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தச் சங்கத்தின் உறுப்பினருக்குத் தமக்கு அதில் பங்கு இருக்கிறது என்பது தெரியும். லெவியும் தலைக்கு இவ்வளவு என்று சேரும் பணம்தான். ஆனால், அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் அதன் கணக்கைப் பார்த்ததே இல்லை.

இப்போது மாறப்போவது அலுவலக வேலை. திறன் மேம்பாட்டுக்கான அரசு நிறுவனமான டேலண்ட் கோர்ப் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, 10 முக்கியத் துறைகளில் சுமார் 620,000 வேலைகள் அடுத்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு, மின்னியல்மயம், பசுமைப் பொருளாதாரம் ஆகியவற்றால் பெரிதும் பாதிக்கப்படும் என்றது. அந்தத் துறைகளின் முறைசார்ந்த வேலைகளில் இது 18 விழுக்காடு. தோட்டத்துப் பிள்ளைகள் படித்துப் போய் உட்கார்ந்த நாற்காலிகள் எவை என்று யோசித்துப் பாருங்கள். கணக்குப் பிரிவு, வழக்கறிஞர் அலுவலகம், கிளினிக்கின் பதிவு மேசை, கிடங்கின் ஸ்டோர், சரக்கு அனுப்பும் நிறுவனம். வெயிலில் நின்ற தகப்பன், பிள்ளை கிராணியாகி நிழலில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டான். பிள்ளை உட்கார்ந்த அந்த மேசைக்குத்தான் இப்போது மென்பொருள் வந்திருக்கிறது.

இந்த முறை சட்டம் நம் வாசலுக்கு முன்பே வந்து நிற்கிறது. பணமும் கணக்கில் இருக்கிறது. தோட்டத்தில் நடந்தது அலுவலகத்திலும் நடந்தால், நிதி இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

முதலில் அனுமதி, பிறகு வகுப்பு

நடைமுறை கடினமானதல்ல, ஆனால் வரிசை மாறினால் பணம் வராது. பதிவு பெற்ற நிறுவனத்துக்குக் கழகத்தின் இணையத் தளத்தில் கணக்கு இருக்கும். எந்தப் பயிற்சி, யார் நடத்துகிறார், எத்தனை மணி நேரம், யார் யார் கலந்துகொள்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்பதை அங்கே பதிந்து, பாடத் திட்டத்தையும் விலைப்புள்ளியையும் இணைத்து, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அனுமதி கேட்க வேண்டும். வகுப்பை நடத்தி முடித்துவிட்டு ரசீதோடு போனால் கதவு திறக்காது. பல நிறுவனங்கள் முதல் தடவை தோற்பது இந்த இடத்தில்தான்.

அனுமதி வந்து, வகுப்பு நடந்து, வருகைப் பதிவு சரியாக இருந்தால், பதிவு பெற்ற பயிற்சி நிறுவனத்துக்குக் கழகமே நேராகப் பணம் கொடுக்கும் திட்டமும் உண்டு. நிறுவனம் கைக்காசு போட வேண்டியதில்லை. நாள் கணக்குக்கும் தலைக் கணக்குக்கும் கட்டண உச்சவரம்புகள் இருக்கின்றன. அதற்கு மேல் கேட்கும் பயிற்சியாளருக்கு மீதியை நிறுவனம் கொடுக்க வேண்டும். லெவிக் கணக்கில் இருப்பு போதாவிட்டால் அதுவரைதான் கிடைக்கும்.

இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இந்த நிதி மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. இருபது வெளிநாட்டுத் தொழிலாளர்களும் நான்கு உள்ளூர்க்காரர்களும் வேலை செய்யும் உணவகம் லெவி கட்டவும் வேண்டாம், கட்டவும் முடியாது. அந்த நான்கு பேருக்கும் இந்த வழி அடைபட்டிருக்கிறது. நம்மவர்கள் நடத்தும் உணவகம், முடிதிருத்தகம், நகைக்கடை, பூக்கடை பலவற்றின் நிலை இதுதான். இரண்டு, 5 முதல் 9 உள்ளூர்ப் பணியாளர்கள் உள்ள கடைகளுக்குக் கதவு திறந்திருந்தும், கட்டாயமில்லை என்ற ஒரே காரணத்தால் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. 8 பேருக்கு மாதம் 24,000 ரிங்கிட் சம்பளம் கொடுக்கும் அலுவலகத்துக்கு 0.5 விழுக்காடு என்பது 120 ரிங்கிட்.

கிள்ளானில் ஒரு கம்பெனி

பணத்தை எடுப்பது பாதி வேலை. எதற்காக எடுக்கிறோம் என்பது மறுபாதி. போர்ட் கிள்ளானில் இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கப் பாரங்கள் நிரப்பிக் கொடுக்கும் ஒரு போர்வர்டிங் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். மேலே சொன்ன கணக்கின்படி 30 பேர். ஆண்டு லெவி 10,800 ரிங்கிட்.

வழக்கமாக நடப்பது என்ன? ஆண்டுக் கடைசி நெருங்கும்போது லெவி மிச்சமிருப்பது முதலாளிக்கு ஞாபகம் வரும். ஒரு ஹோட்டலில் ஒருநாள் வகுப்பு. ‘ஏஐ மூலம் பத்து மடங்கு உற்பத்தி’ என்பதுபோல ஒரு தலைப்பு. மேலாளர்கள் ஐந்தாறு பேர் போவார்கள். பயிற்சியாளர் திரையில் ஒரு கேள்வியைத் தட்டுவார், அழகான ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வரும், எல்லோரும் வியப்பார்கள். தேநீர், மதிய உணவு, சான்றிதழ், குழுப்படம். திங்கட்கிழமை அலுவலகத்தில் எதுவும் மாறியிருக்காது. சுங்கப் பாரத்தைத் தட்டுகிற கிராணி அந்த ஹோட்டல் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அதே பணத்தை வேறு விதமாகச் செலவிடலாம். முதலில் வேலையைப் பார்க்க வேண்டும். சீனாவிலிருந்து வரும் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் படித்து, இறக்குமதிக்கான கே1 பாரத்தில் விவரங்களை ஏற்றுவதற்கு ஒரு கிராணியின் நாளில் பெரும்பகுதி போகிறது. இன்வாய்ஸைப் படித்து விவரங்களைப் பிரித்து அட்டவணை போடுவதை ஏஐ கருவிகள் நன்றாகவே செய்கின்றன. அப்படியானால் வகுப்பில் உட்கார வேண்டியவர்கள் அந்தப் பத்து, பன்னிரண்டு கிராணிகள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல், சில வார இடைவெளியில் மூன்று அரைநாள் வகுப்புகள். முதல் வகுப்பில் கருவியைக் கையாளப் பழக வேண்டும். இரண்டாவதில், இடைப்பட்ட வாரங்களில் சொந்த வேலையில் அது எங்கே சறுக்கியது என்று கொண்டுவந்து பேச வேண்டும். மூன்றாவதில் அலுவலகத்துக்கான நடைமுறையை அவர்களே எழுத வேண்டும்.

சறுக்கும் இடங்கள் முக்கியமானவை. சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீட்டை ஏஐயிடம் கேட்டால் தயங்காமல் ஒரு எண்ணைச் சொல்லும். அந்தக் குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள் உலகெங்கும் பொது. அவற்றுக்குப் பின்னால் வருபவை நாட்டுக்கு நாடு வேறுபடும். வேறு நாட்டின் அட்டவணையைப் பார்த்துப் பழகிய கருவி, முதல் ஆறைச் சரியாகச் சொல்லிவிட்டு மிச்சத்தில் தவறக்கூடும். பாதி சரியாக இருப்பதால்தான் அந்தத் தவறு ஆபத்தானது. சுங்கத் துறை விளக்கம் கேட்டு வரும்போது, ‘கணினி சொன்னது’ என்று பதில் சொல்ல முடியாது. பத்தாண்டு அனுபவமுள்ள கிராணிக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் எங்கோ இடிக்கும். அந்த உறுத்தல்தான் கம்பெனியின் மூலதனம். ஏஐ பயிற்சி அந்த அனுபவத்துக்கு மேல் கட்டப்பட வேண்டும். அனுபவசாலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதியவர் கையில் கருவியைக் கொடுப்பதற்காகக் கட்டப்படக் கூடாது.

இன்னொன்றும் அந்த வகுப்பில் சொல்லப்பட வேண்டும். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், முகவரி, வங்கி விவரம் ஆகியவற்றை அப்படியே நகலெடுத்து ஓர் இலவச உரையாடல் செயலியில் ஒட்டுவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு ஆபத்து. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 300,000 ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. ‘எதைக் கேட்கலாம்’ என்று மட்டும் சொல்லித் தந்து ‘எதைக் கொடுக்கக் கூடாது’ என்று சொல்லித் தராத வகுப்பு, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டக் கற்றுத் தராததைப் போன்றது.

நம்பிக்கைக்கு ஒரு விலை

முதலாளிகளின் மனத்தாங்கலையும் சொல்லியாக வேண்டும். லெவியை இன்னொரு வரியாகவே பலர் பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்குக் கழகமும் காரணம் கொடுத்தது. 2024 ஜூலையில் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கையும் எச்ஆர்டி கோர்ப்பின் நிர்வாகம், முதலீடுகள், சொத்து வாங்கிய முறை ஆகியவற்றைப் பற்றிக் கடுமையான கேள்விகளை எழுப்பின. அப்போதைய மனிதவள அமைச்சர் ஸ்டீவன் சிம் விவகாரத்தை ஊழல் தடுப்பு ஆணையத்திடம் கொண்டுபோனார். பயிற்சிக்கென்று சேர்ந்த பணம் எதற்குப் போனது என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

ஆனால், அந்தக் கேள்வியிலிருந்து ‘அதனால் நான் கட்டிய லெவியைத் தொட மாட்டேன்’ என்ற முடிவுக்குப் போவது பொருத்தமில்லை. பயிற்சிப் பணம் வேறு வழிகளுக்குத் திரும்ப எளிதாக இருப்பது அது கேட்பாரற்றுக் கிடக்கும்போதுதான். குளத்தில் தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும். வாய்க்காலைத் திறந்துவிடுகிற விவசாயிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

‘பயிற்சி கொடுத்தா வேற கம்பெனிக்கு ஓடிடுவான்’ என்பது அடுத்த மனத்தாங்கல். ஓடுவார்கள்தான், சிலர். பயிற்சி இல்லாமல் இருந்தாலும் 200 ரிங்கிட் கூடுதலாகக் கிடைத்தால் ஓடுவார்கள். கற்றுக்கொண்ட ஊழியர் போய்விடுவாரோ என்று பயப்படும் முதலாளி, கற்றுக்கொள்ளாத ஊழியர் இருபதாண்டுகள் அங்கேயே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, ‘ஆளை விட நேரமில்லை’. சிறு நிறுவனங்களில் இது உண்மையான சிக்கல். இரண்டே பேர் இருக்கும் கணக்குப் பிரிவில் ஒருவரை ஒருநாள் அனுப்பினால் பில் நின்றுபோகும். அரைநாள் வகுப்புகளும் அலுவலகத்திலேயே நடக்கும் உள்ளகப் பயிற்சியும் அதற்காகத்தான். மாதக் கணக்கு முடியும் வாரத்தையும் பெருநாள் கால நெருக்கடியையும் தவிர்த்துத் திட்டமிட்டால் நாள் கிடைக்கும். டிசம்பரில் தேடினால் கிடைக்காது.

கணக்கு யார் கையில்?

பக்கத்தில் சிங்கப்பூரும் முதலாளிகளிடம் திறன் மேம்பாட்டு லெவி வாங்குகிறது. சம்பளத்தில் 0.25 விழுக்காடுதான், ஒருவருக்கு மாதம் குறைந்தது 2 டாலர், அதிகம் 11.25 டாலர். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். அந்தப் பணம் கட்டியவரின் கணக்கில் நிற்காமல் பொது நிதியில் சேர்கிறது. அதோடு, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின்கீழ் 25 வயது நிறைந்த குடிமக்களின் பெயரிலேயே அரசு 500 டாலர் பயிற்சி வரவு வைத்தது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இன்னும் 4,000 டாலர் சேர்த்தது. நாற்பத்தைந்து வயதுக் கணக்காளர் ஒருவர், முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் தாமே ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்துச் சேர முடிகிறது.

மலேசியாவின் முறைக்கும் ஒரு பலம் உண்டு. பணம் நிறுவனத்தின் கணக்கிலேயே இருப்பதால், அந்த நிறுவனத்தின் வேலைக்குப் பொருந்தும் பயிற்சியை நிறுவனமே வடிவமைக்கலாம். ஆனால், சாவி முழுவதும் ஒருவர் கையில் இருக்கிறது. யார் படிக்க வேண்டும், என்ன படிக்க வேண்டும், எப்போது என்பதையெல்லாம் முடிவுசெய்பவர் முதலாளி. அந்த வேலையே எந்திரத்துக்குப் போகப்போகிறது என்று முடிவுசெய்பவரும் அவர்தான். இரண்டு முடிவுகளும் ஒரே மேசையில் எடுக்கப்படும்போது, எதிர்ப்பக்கத்தில் உட்கார ஆள் வேண்டாமா?

ஆகவே மூன்று யோசனைகள்.

முதலாவது அரசாங்கத்துக்கு. சம்பளச் சீட்டில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘இம்மாதம் உங்களுக்காகக் கட்டிய லெவி இவ்வளவு, இவ்வாண்டு நீங்கள் பெற்ற பயிற்சி இத்தனை மணி நேரம்.’ இதற்கு மென்பொருளில் சிறு மாற்றம் போதும். முதலாளிக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. இபிஎப் எவ்வளவு என்று தெரிந்துவைத்திருக்கும் தொழிலாளி இதையும் தெரிந்துகொள்வார். இரண்டாவது எண் பூஜ்யமாகவே இருந்தால், அதைப் பார்ப்பவர் கேட்காமல் இருக்க மாட்டார். லெவி கட்ட வேண்டிய வட்டத்துக்கு வெளியே நிற்கும் சிறு கடைகளின் உள்ளூர்த் தொழிலாளர்களுக்குச் சிங்கப்பூரைப்போல் தனிநபர் வரவு ஒன்றையும் யோசிக்கலாம்.

இரண்டாவது முதலாளிகளுக்கு. ஏஐ பயிற்சிக்கு மனுப் போடும்போது பெயர்ப் பட்டியலைத் தலைகீழாக எழுதிப் பாருங்கள். எந்த வேலையின் பெரும்பகுதியைக் கருவி செய்துவிடக்கூடுமோ அந்த வேலையில் இருப்பவர் பெயர் முதலில். மேலாளர் பெயர் கடைசியில். பயிற்சி நிறுவனத்திடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கள் அலுவலகத் தாள்களை வைத்துப் பயிற்சி தருவீர்களா? வகுப்பு முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி வருவீர்களா? கருவி தவறு செய்யும் இடங்களைக் காட்டுவீர்களா? மலாயிலோ தமிழிலோ விளக்க உங்களால் முடியுமா? நான்குக்கும் தயங்குபவர் விற்பது பயிற்சி அல்ல, சான்றிதழ். சிறு, நடுத்தர நிறுவனங்களின் ஏஐ, இணையப் பாதுகாப்புப் பயிற்சிச் செலவுக்கு 2026 வரவு செலவுத் திட்டம் கூடுதலாக 50 விழுக்காட்டு வரிக் கழிவையும் அறிவித்திருக்கிறது. லெவிக் கணக்கில் இருப்பு தீர்ந்த பிறகும் செலவு செய்ய ஒரு காரணம் இருக்கிறது.

மூன்றாவது தொழிலாளர்களுக்கு. லெவி இருக்கிறதோ இல்லையோ, இன்றைக்கே தொடங்க ஒரு வழி உண்டு. 2024 ஜனவரியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தொடக்கிவைத்த ‘ஏஐ உந்துக் ரக்யாட்’ இணைய வகுப்பு இலவசம், சில மணி நேரத்தில் முடித்துவிடலாம், தமிழிலும் இருக்கிறது. அது உங்களை வல்லுநராக்காது. ஆனால், அடுத்த வாரம் முதலாளியின் அறைக்குள் போகும்போது, எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வைக்கும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான்கு பேராகப் போங்கள். தொழிற்சங்கம் இருந்தால், கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளம், போனஸ், மருத்துவம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ‘ஆளுக்கு ஆண்டுக்கு இத்தனை மணி நேரப் பயிற்சி’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி நீளமானதல்ல. ‘பாஸ், நம்ம லெவிக் கணக்கில் எவ்வளவு இருக்கு? இந்த வருஷம் யார் யார் படிக்கப் போறோம்?’

அடுத்த 15ஆம் தேதிக்குள் உங்கள் சம்பளத்தைக் கணக்கிட்டு நூற்றுக்கு ஒன்று மறுபடியும் கட்டப்படும். நீங்கள் கேட்டாலும் கட்டப்படும், கேட்காவிட்டாலும் கட்டப்படும்.